கேட்க வந்தவர்கள் எங்கே அமர்வது?

இலக்கிய நண்பர்கள் தம் கல்லூரி நாள்களைப் பற்றி எழுதத் தொடங்கினால், எழுத்து எப்படியோ கடைசி வரிசைக்குப் போய் அமர்ந்துகொள்கிறது. நட்பு அங்கேதான் இருந்ததாம். நகைச்சுவை அங்கேதான் பிறந்ததாம். வாழ்க்கையை அங்கேதான் கற்றார்களாம். தமிழ் ஐயா வருகைப்பதிவு எடுக்கையில் ஆட்டுக்குரலில் 'உள்ளேன் ஐயா' சொன்னவன், அவர் கரும்பலகைப் பக்கம் திரும்பியதும் சீழ்க்கை அடித்தவன், செய்யுளைப் பதம் பிரிக்கையில் ஒரு சொல்லைப் பிடித்து இரட்டைப் பொருளில் திருப்பிச் சொன்னவன் ஆகிய அனைவரும் இருபது ஆண்டுகள் கழித்து வீரர்களாகி விடுகிறார்கள். கட்டுரை முடியும் இடத்தில் ஐயாவுக்கும் ஒரு சொட்டுக் கண்ணீர் உண்டு. அவர் எவ்வளவு நல்லவர் என்பது அன்று நமக்குத் தெரியாமற் போயிற்றே என்று.

இத்தகைய கட்டுரைகள் எதிலும் ஒருவர் மட்டும் வருவதே இல்லை. அந்த வகுப்புக்குப் பாடம் கேட்க வந்திருந்தவர். அவர் சார்பில் சில சொற்களைக் கடுமையாகவே சொல்லவேண்டியிருக்கிறது. நண்பர்கள் சிலருக்குக் கோபம் வரலாம், வரட்டும்.

நாம் பகுதி ஒன்று தமிழ் கற்பிக்கும் கூட்டத்தைச் சேர்ந்தவர்கள். வெளியில் இருப்போருக்கு இதை விளக்கியாக வேண்டும். தமிழகத்துக் கலை அறிவியல் கல்லூரிகளில் இயற்பியல் படித்தாலும் வணிகவியல் படித்தாலும் பகுதி ஒன்றில் ஒரு மொழியும் பகுதி இரண்டில் ஆங்கிலமும் உண்டு. பெரும்பாலோர் எடுப்பது தமிழ். ஆனால் வேலை கொடுப்பவரும் மேற்படிப்பில் சேர்த்துக்கொள்பவரும் பார்ப்பது பகுதி மூன்றின் மதிப்பெண்களை. தேர்ச்சி பெற்றால் போதும் என்பது மாணவர், நிர்வாகம், பல வேளைகளில் தமிழ்த்துறை ஆகிய மூவருக்கும் இடையிலான எழுதப்படாத உடன்பாடு. எனவே இரண்டு துறைகளைச் சேர்த்துக் கூட்டு வகுப்பாக்கி, நூறு பேருக்கு மேல் ஓர் அறையில் அடைத்து, மதிய உணவுக்குப் பிந்தைய வேளையைத் தமிழுக்கு ஒதுக்குவதில் யாருக்கும் உறுத்தல் இல்லை. இரைச்சலின் முதல் விதையை ஊன்றுவது கால அட்டவணைதான். மாணவர்கள் அதற்குத் தண்ணீர் விடுகிறார்கள்.

நாம் 1998 முதல் 2001 வரை வேதியியல் படித்தவர்கள். முதுகலையில்தான் தமிழுக்கு வந்தோம். அந்நாள்களில் நமக்குக் குறுந்தொகை நடத்திய பேராசிரியருக்குக் குரல் மிக மெலிது. வகுப்பின் பின்பாதியில் நடப்பவை அவருக்குத் தெரியும்; தெரியாதவர் போல் நடத்துவார். இரைச்சல் மிகும்போது புத்தகத்தை மூடாமல், தலையை நிமிர்த்தாமல், சில கணம் நிறுத்துவார். பிறகு விட்ட சொல்லிலிருந்து தொடங்குவார். நாம் மூன்றாம் வரிசையில் இருந்தோம். பாடம் கேட்க ஆசை இருந்தது. ஆனால் பின்னாலிருந்து கேலி எழும்போது நாமும் சிரித்தோம். சிரிக்காமல் இருப்பவன் அடையாளம் காணப்படுவான், 'பழம்' என்று பெயர் பெறுவான் என்ற அச்சம். அந்தச் சிரிப்பைப் பற்றி இத்தனை ஆண்டுகளில் யாரிடமும் சொன்னதில்லை.

சிரிக்காதவன் ஒருவன் இருந்தான். வகுப்பு முடிந்ததும் பேராசிரியரோடு சைக்கிள் நிறுத்தம் வரை நடப்பான். வகுப்பறையில் காதில் விழாமற் போன பகுதியை அந்த நூறு இருநூறு அடி தூரத்தில் கேட்டுக்கொள்வான். பேராசிரியர் பூட்டைத் திறந்து, சைக்கிளைச் சாய்த்துப் பிடித்தபடி, மீதிப் பாட்டைச் சொல்லி முடிப்பார். மழை நாள்களில் அதுவும் கிடையாது. ஒருவன் பட்டப்படிப்புக்குக் கட்டணம் கட்டிச் சேர்ந்து, தனக்குரிய பாடத்தைச் சைக்கிள் நிறுத்தத்தில் கேட்டுப் பெறவேண்டியிருந்தது. நினைவுக் கட்டுரைகளின் கணக்கில் இது எந்தத் தலைப்பில் வரும்? குறும்பு என்றா?

இன்று நாம் மேடையின் இந்தப் பக்கம் நிற்கிறோம். நம்மைப் போன்றோர் இரைச்சலுக்கு வைத்திருக்கும் மருந்து ஒரே ஒரு வாக்கியம்: "விருப்பம் உள்ளவர்கள் முன்னால் வந்து அமருங்கள்." இதைச் சொல்லாத தமிழாசிரியர் அரியர். நாமும் ஆண்டுக்கணக்கில் சொல்லியிருக்கிறோம், பெருந்தன்மையோடு சொல்வதாக எண்ணிக்கொண்டு. இந்த வாக்கியம் செய்யும் வேலை என்ன? நூறு பேருக்குக் கற்பிக்கச் சம்பளம் வாங்குபவர் பதினைந்து பேருக்குக் கற்பிக்க ஒப்பந்தம் எழுதிக்கொள்கிறார். மற்ற எண்பத்தைந்து பேருக்கும் அமைதி காக்கும் கடமையிலிருந்து விடுதலை. பாடத்தைக் கேட்கவேண்டிய பொறுப்பு ஆசிரியரிடமிருந்தும் கல்லூரியிடமிருந்தும் கழன்று, பதினெட்டு வயது மாணவியின் தோளில் ஏறிக்கொள்கிறது. கேட்கவில்லையா? நீ முன்னால் வந்திருக்கலாமே.

மூன்று ஆண்டுகளுக்கு முன் வணிகவியல் மாணவி ஒருவர் துறைக்கு வந்து இதற்கு விடை சொன்னார். "ஐயா, முன்னால உட்கார்ந்தா பின்னாலேருந்து பேப்பர் உருண்டை வருது. நடுவுல உட்கார்ந்தா உங்க குரல் வரல. எங்க உட்காரட்டும், நீங்களே சொல்லுங்க." குரலில் குறை சொல்லும் தொனியே இல்லை, பேருந்து எத்தனை மணிக்கு என்று கேட்பவர் போலக் கேட்டார். நம்மிடம் பதில் இல்லை. அடுத்த மாதத்திலிருந்து அவர் அந்த மணிநேரத்தில் நூலகத்தில் இருந்தார். வருகை குறைகிறதே என்று அழைத்து எச்சரித்தவர்களும் நாமேதான். கூச்சல் இட்டவர்களுக்கு வருகை முழுமையாக இருந்தது.

'முன்னால் வந்தால் கேட்கும்' என்பதும் முழு உண்மையன்று. திறந்த வெளியில் தொலைவு இரட்டிக்குந்தோறும் ஒலி ஏறத்தாழ 6 டெசிபல் குறையும் என்பது பள்ளி இயற்பியல். அறைக்குள் சுவர்கள் ஒலியைத் திருப்பித் தருவதால் இழப்பு சற்றுக் குறையலாம். ஆனால் வெற்றுச் சுவரும் சிமெண்டுத் தரையும் ஆசிரியரின் குரலை மட்டுமா திருப்பித் தரும்? நூறு பேரின் பேச்சையும் சேர்த்தே தரும். இரைச்சலுக்கு நடுவில் பேசுபவர் தம்மை அறியாமலே குரலை உயர்த்துகிறார் என்பதை எத்தியேன் லொம்பார் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1911இல் எடுத்துக்காட்டினார். அவர் பெயராலேயே அவ்விளைவு இன்றும் வழங்குகிறது. வகுப்பில் அது இருபுறமும் வேலை செய்கிறது. ஆசிரியர் உயர்த்துகிறார், தங்களுக்குள் பேசிக்கொண்டிருப்போரும் ஒருவருக்கொருவர் கேட்கவேண்டுமே என்று உயர்த்துகிறார்கள், மணி அடிக்கும்போது இரு தரப்பாருக்கும் தொண்டை கட்டியிருக்கிறது.

ஏதோ பொதுவான செய்தியைச் சொல்லும் உரையாக இருந்தால் இரண்டு சொல் தப்பினாலும் ஊகித்துவிடலாம். சங்கப் பாட்டில் அது இயலாது. குறுந்தொகைப் பாடல்கள் பெரும்பாலும் நான்கு முதல் எட்டு அடி வரையிலானவை. பல ஒரே தொடராக ஓடுபவை. நடுவில் இரண்டு சொல் காதில் விழாவிட்டால் பேசுவது தலைவியா தோழியா, கேட்பவர் யார், போனவன் எங்கே போனான் என்பவை எல்லாம் போய்விடும். எஞ்சுவது தேர்வு உரைநூலில் அச்சிட்ட பொழிப்புரை. 'சங்க இலக்கியம் சலிப்பாக இருக்கிறது' என்று சொல்லும் மாணவர்களில் எத்தனை பேர் சங்க இலக்கியத்தைக் காதால் கேட்டவர்கள் என்று எண்ணிப் பார்க்கிறோமா?

கைப்பேசி வந்தபின் இரைச்சல் குறைந்துவிட்டது, அவரவர் திரையில் அவரவர் மூழ்கிவிடுகிறார்கள் என்று ஆறுதல் கொள்ளும் சக ஆசிரியர்கள் உண்டு. கனடா ஆய்வாளர்கள் 2013இல் வெளியிட்ட ஆய்வொன்றில், விரிவுரையின்போது மடிக்கணினியில் வேறு வேலை பார்ப்பவர்கள் தம் பார்வையில் படும்படி அமரவைக்கப்பட்ட மாணவர்கள், அப்படி அமராதவர்களைவிடப் பின்னர் நடந்த தேர்வில் ஏறத்தாழ 17 சதவீதம் குறைவாக எடுத்தார்கள். அவர்கள் கையில் இருந்தவை காகிதமும் பேனாவும் மட்டுமே. ஓசையில்லாத அவமதிப்பும் பக்கத்தில் இருப்பவருடைய பாடத்தைத் தின்னவே செய்கிறது. போதாக்குறைக்கு ஆசிரியரைக் காணொளி எடுத்துப் பரப்பும் வழக்கம். அதில் எப்போதும் இரண்டாவதாகச் சிக்குபவர் ஆர்வத்தோடு தலையாட்டிக்கொண்டிருக்கும் முன்வரிசை மாணவர்.

இந்த இடத்தில் நம் புலவர் பெருமக்கள் நன்னூலை எடுப்பார்கள். பதின்மூன்றாம் நூற்றாண்டுப் பவணந்தி முனிவர் அன்னத்தையும் பசுவையும் முதல் மாணாக்கருக்கும், மண்ணையும் கிளியையும் இடை மாணாக்கருக்கும், ஓட்டைக் குடம், ஆடு, எருமை, நெய்யரி ஆகியவற்றைக் கடை மாணாக்கருக்கும் உவமையாக்கினார். வகுப்பு அடங்காதபோது இந்தப் பட்டியலை ஒப்பித்துப் பின்வரிசையை எருமை என்று வைவது நம்மவர்க்கு ஒரு சுகம். வைது முடித்ததும் வகுப்பு இன்னும் பெரிதாகச் சிரிக்கும் என்பது வேறு. குளத்து நீரைக் கலக்கிக் குடிப்பது எருமையின் இயல்பு, சரி. அது போனபின் அந்தக் கலங்கிய நீரைக் குடிக்கவேண்டிய மற்ற விலங்கைப் பற்றி உவமையும் பேசவில்லை, உவமையை எடுத்தாளும் நாமும் பேசுவதில்லை.

அதே பொதுப்பாயிரத்தில் இதைவிடப் பயனுள்ள கணக்கு ஒன்று உண்டு. நம்மவர் அதை மறந்துவிடுவார்கள். ஆசிரியர் உரைப்பதை எவ்வளவு நன்றாகக் கொண்டாலும் மாணாக்கனுக்குக் கிட்டுவது காற்பங்குதான். உடன் பயில்வோரோடு பழகுவதில் இன்னொரு காற்பங்கு. பிறருக்குத் தான் எடுத்துரைக்கையில் எஞ்சிய அரைப்பங்கு. இக்கணக்கை ஒழுங்கீனமான வகுப்பில் வைத்துப் பாருங்கள். ஆசிரியர் தரும் கால் காதில் விழவில்லை. உடன் பயில்வோர் தரும் கால் கேலிக்கு அஞ்சி அடைபட்டுவிட்டது. பெறாததை யாருக்கு எடுத்துரைப்பது? கேட்க வந்தவர் இழப்பது அந்த ஒரு மணிநேரத்தை மட்டும் அன்று.

திருக்குறளையும் விடுவதில்லை. கேள்வி அதிகாரத்தை மாணவனுக்குச் சொல்வோம். அவையறிதலை நமக்கு வைத்துக்கொள்வோம். தகுதியற்ற கூட்டத்தின் முன் பேசுவது வீண் என்னும் கருத்தை ஆசிரியர் அறையில் எத்தனை முறை கேட்டிருக்கிறோம்! 'இவனுகளுக்குப் போய்ப் பாடமா' என்ற அலுப்புக்கு வள்ளுவரைச் சாட்சிக்கு அழைத்துவிட்டு, மறுநாள் பாடத்துக்குப் பதில் குறிப்பு எழுதிப் போடச் சொல்கிறோம். குறிப்புச் சொன்னால் வகுப்பு அடங்கும், எழுதவேண்டுமே. அமைதியை விலைக்கு வாங்க நாம் கொடுத்தது கேட்க வந்தவருக்குரிய பாடத்தை.

திரைப்படத்தைப் பற்றி அதிகம் சொல்லவேண்டாம். 'நம்மவர்' (1994) முதல் 'மாஸ்டர்' (2021) வரை கட்டுக்கடங்காத மாணவர்கள் நாயக ஆசிரியர் வெல்லவேண்டிய கோட்டை. அவர் வருவார், அடிப்பார் அல்லது அணைப்பார், கோட்டை விழும். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் பின்னணியில் அமர்ந்திருக்கும் துணை நடிகர்கள். இதன் விளைவாக ஒரு நம்பிக்கை ஊறிப்போயிற்று. நல்ல ஆசிரியராக இருந்தால் வகுப்பு அடங்கும் என்பது. அடங்காவிட்டால் ஆசிரியர் சரியில்லை. அரசுக் கல்லூரிகளில் தொகுப்பூதியத்தில் பணியாற்றும் கௌரவ விரிவுரையாளர்களிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். யார் நிரந்தரம், யார் தற்காலிகம் என்பது மாணவர்களுக்கு முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும். எந்த வகுப்பில் எவ்வளவு ஆடலாம் என்பதும் அதற்கேற்பத் தீர்மானமாகும். புதிதாக வந்த பெண் ஆசிரியர் என்றால் சொல்லவே வேண்டாம். திறமைக்கும் அடங்குதலுக்கும் உள்ள உறவு சினிமாக்காரர்கள் நினைக்கும் அளவுக்கு நெருக்கமானது அன்று.

முற்போக்கு நண்பர்கள் எழுப்பும் மறுப்பு ஒன்று கனமானது. அதைத் தட்டிவிட முடியாது. கடைசி வரிசையில் இருப்பவன் முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வந்தவன், ஆசிரியர்களால் ஒதுக்கப்பட்டவன், அவனுடைய கூச்சல் ஒரு வகை எதிர்ப்பு என்பார்கள். ஒதுக்கப்பட்டவர்கள் அங்கே இருக்கிறார்கள் என்பது உண்மை. ஆசிரியர்கள் ஒதுக்கினார்கள் என்பதும் உண்மை. ஆனால் முன்வரிசையிலும் நடுவரிசையிலும் வாய் மூடி இருப்பவர் யார் என்று நண்பர்கள் விசாரித்ததுண்டா? நாம் கண்டவரை அவரும் முதல் தலைமுறைதான். வீட்டில் படிக்க இடமில்லை, தனிப்பயிற்சிக்குப் பணமில்லை, ஐயம் கேட்க அண்ணனோ அக்காவோ படித்தவர்களாக இல்லை. வசதி உள்ளவனுக்கு வகுப்பு கெட்டால் மாற்று வழி உண்டு. இவருக்கு அந்த அறை ஒன்றே வழி. எதிர்ப்பு என்று நாம் கொண்டாடுவதன் செலவை அந்த அறையிலேயே ஏழ்மையானவரிடம் வசூலிக்கிறோம். மேலும், கூச்சல் இடும் துணிவு எல்லோருக்கும் ஒரே அளவில் வாய்ப்பதில்லை. ஊரில் ஆள்பலம் உள்ளவனுக்கு வகுப்பிலும் குரல் கூடுதல்.

'அமைதியாயிருக்கச் சொல்வதுதானே, ஆசிரியரிடம் புகார் சொல்வதுதானே' என்று எளிதாக அறிவுரை வழங்குவோர், 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் நடந்ததை நினைவுகூரவேண்டும். தம்மைத் துன்புறுத்திய சக மாணவர்களைப் பற்றிப் பள்ளியில் முறையிட்ட பட்டியல் சாதி மாணவர் வீடு புகுந்து வெட்டப்பட்டார். தடுக்க வந்த தங்கையும் வெட்டுப்பட்டார். அதன்பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு தலைமையிலான ஒருநபர் குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. வகுப்புக் கூச்சலும் அந்தக் கொடுமையும் ஒன்று என்று நாம் சொல்லவில்லை. புகார் என்ற சொல் ஒரு மாணவரின் காதில் எப்படி ஒலிக்கிறது என்பதைத்தான் சொல்கிறோம். பள்ளியிலேயே நாம் அவரைப் பழக்கிவிட்டோம், வகுப்புத் தலைவன் கையில் சுண்ணக்கட்டியைக் கொடுத்துப் பேசுகிறவர் பெயரைக் கரும்பலகையில் எழுதச் சொல்லி. எழுதியவனுக்கு இடைவேளையில் என்ன நடந்தது என்று எந்த ஆசிரியரும் கேட்டதில்லை. காட்டிக்கொடுப்பவன் என்ற பெயரைச் சிறு வயதிலேயே சுமந்தவர் கல்லூரியில் வாய் திறப்பாரா?

பிரம்பைத் திரும்பக் கேட்கிறோம் என்று யாரும் எண்ணவேண்டாம். உடல் தண்டனையும் மனத்துன்புறுத்தலும் 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தால் பள்ளிகளில் விலக்கப்பட்டன, அது நல்லதே. மயான அமைதியையும் விரும்பவில்லை. கேள்வி கேட்பதும் வாதிடுவதும் ஆசிரியரின் சப்பை நகைச்சுவைக்கு முனகுவதும் வகுப்பின் உயிர். பாட்டைப் பற்றி இருவர் சண்டையிட்டு மணி அடித்தபின்னும் நின்ற நாள்கள் உண்டு. அவைதாம் நமக்குச் சம்பளம்.

பிறகு அந்த மாணவருக்கு என்ன சொல்வது? சகித்துக்கொள் என்று சொல்லமாட்டோம். தனியாக முன்வரிசைக்குப் போகாதே. மூவராகப் போய் நடுவில் அமருங்கள். நன்னூலின் இரண்டாவது காற்பங்கு அங்கேதான் இருக்கிறது. பாட்டை முன்னாளே ஒரு முறை வாசித்துவிட்டு வா. பாதி காதில் விழுந்தாலும் மீதியை இட்டு நிரப்பலாம். வகுப்பில் ஒரே ஒரு கேள்வியாவது உரக்கக் கேள். ஆசிரியரின் அதட்டலுக்கு அடங்காத கூட்டம் சக மாணவியின் உண்மையான கேள்விக்கு ஒரு நிமிடம் அடங்குவதைப் பல முறை கண்டிருக்கிறோம். இரண்டாம் நிமிடம் ஆசிரியரின் பொறுப்பு. கூச்சல் இடுபவனைக் கூட்டத்தில் வைத்துக் கண்டிக்காதே. தேநீர்க் கடையில் தனியே நிற்கும்போது அவன் வேறு ஆள். துறைக்கு வந்து முறையிடுவதானால் பெயர் சொல்லவேண்டியதில்லை, எந்த மணிநேரத்தில் பாடம் கேட்கவில்லை என்று மட்டும் எழுதிக் கொடு. பெயர்களைக் கண்டறிவது எங்கள் வேலை.

இவையெல்லாம் ஒட்டுப்போடும் யோசனைகள் என்பது நமக்குத் தெரியும். கூட்டு வகுப்பைப் பிரித்தால் பாதி இரைச்சல் போய்விடும். அதற்கு ஆசிரியர் வேண்டும், அறை வேண்டும். அதைக் கேட்டுப் போராடியதைவிட ஊதிய நிலுவைக்காக நாம் போராடியதே அதிகம். சென்ற ஆண்டு முதல் நம்மளவில் செய்தது ஒன்றே. முன்னால் வாருங்கள் என்ற வாக்கியத்தை விட்டோம். வாரந்தோறும் வரிசைகள் இடம் மாறவேண்டும் என்றோம். கடைசி வரிசை முதல் வாரம் ஒருமுறை முன்னால் வந்தது, மறுவாரம் மறுத்தது, அதற்கடுத்த வாரம் முனகிக்கொண்டே வந்தது. புத்தகத்தை எடுத்துக்கொண்டு நாமும் அறையின் நடுவுக்குப் போய் நின்று நடத்துகிறோம். சில நாள் பாடம் நடக்கிறது. சில நாள் தோற்கிறோம். அந்த வணிகவியல் மாணவி பட்டம் பெற்றுப் போய்விட்டார். அவருக்கு இதனால் பயனில்லை.

கடைசி வரிசையின் பெருமையை அடுத்து எழுதப்போகும் நண்பரிடம் ஒரு கேள்வி. உங்களுக்கு முன்னால் முதுகு காட்டி அமர்ந்திருந்தவர்களில் யாருடைய பெயராவது நினைவிருக்கிறதா? நாமும் முயன்று பார்த்தோம். மூன்றாம் வரிசையில் நம்மோடு சிரித்தவர்கள் பெயர் வரிசையாக வருகிறது. சைக்கிள் நிறுத்தம் வரை நடந்தவன் பெயரை வேதியியல் துறையின் பழைய பதிவேட்டில்தான் தேடவேண்டும்.